நாதிர் திறக்காத கதவு

அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் தன் வாய் திறந்திருந்ததே ஷவ்கிக்குத் தெரிந்தது.

காபிக்கடையில் பகடை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மருந்துக்கடை ஹம்தி மட்டும், நோயாளியிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"இப்போ என்ன சொன்னே ஷவ்கி? இன்னொரு தடவை சொல்லு, எல்லாரும் கேட்கட்டும்."

சொன்னது இதுதான்: கடைசிப் பகுதியில் நாதிர் அந்தக் கதவைத் திறக்காவிட்டால் என் பெண்டாட்டி எனக்குத் தலாக்.

நாதிர் ஒன்றும் ஷவ்கியின் உறவுக்காரன் இல்லை. அந்த ரமலானில் நோன்பு திறந்த கையோடு கெய்ரோ முழுவதும் உட்கார்ந்து பார்த்த 'கடைசி ஊற்று' தொடரின் நாயகன். பாதிப் பேர் வில்லன் என்பார்கள். உலகத்து ஆறுகளெல்லாம் வற்றிப்போக, மிஞ்சிய ஒரே ஊற்றைச் சுற்றி மதில் எழுப்பி, இரும்புக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன். வெளியே தாகத்தில் தவித்த கூட்டத்தில் அவனுடைய சொந்தத் தம்பியும் இருந்தான்.

உள்ளே இருக்கிறவர்களுக்கே தண்ணீர் பற்றாதபோது பாவம் அவன் என்ன செய்வான், நேரம் வரும்போது திறப்பான், மனுஷன் உள்ளுக்குள் அழுகிறான் என்பது ஷவ்கியின் கட்சி. ஒரு தடவை கதவை மூடிப் பழகிய கை பிறகு திறக்காது, அதிகாரத்தின் ருசி அப்படி என்பது ஹம்தியின் கட்சி. பேச்சு முற்றி, பதில் தீர்ந்துபோன நேரத்தில்தான் ஷவ்கி தலாக்கை இழுத்தான். தக்காளி விலைக்கும், கால்பந்துக்கும், விருந்தாளி இன்னொரு கவளம் சாப்பிடுவதற்கும் தலாக் மேல் ஆணையிடுவது அவன் தெரு ஆண்களின் கெட்ட வழக்கம். ஆனால் ஒரு நாடகத்துக்காக ஆணையிட்டவன் அவன்தான் முதல்.

பள்ளிவாசல் ஷேக்கிடம் ஓடினான்.

"சொல்லும்போது மனசுல என்ன நினைச்சே?" என்று கேட்டார் ஷேக்.

"ஒண்ணுமே நினைக்கலை ஷேக்."

"அதை நம்புறேன்" என்றார் அவர்.

தலாக் எண்ணம் இல்லாததால் இது வெறும் ஆணைதான், தவறிப்போனால் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டு மன்னிப்புக் கேள் என்று தீர்ப்புச் சொன்னார். ஷவ்கிக்குப் போன உயிர் வந்தது. வாசல் வரை வந்த ஷேக், தன் சொந்தக் கருத்தைக் கேட்டால் நாதிர் திறக்கமாட்டான் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, வந்த உயிரில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. அவன் மனைவி இன்ஸாஃப் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஷேக்கின் தீர்ப்பை அவன் மூச்சிரைக்கச் சொன்னான்.

"பத்துப் பேருக்குச் சோறு போட்டா அல்லா மன்னிச்சிடுவான். நான் என்ன, பதினோராவது ஆளா?" என்றாள் அவள். "நீங்க ஆணை போட்டதைக்கூடப் பொறுத்துக்குவேன். போயும் போயும் அந்தப் பாவி நாதிரை நம்பிப் போட்டீங்க பாருங்க. அவன் திறந்தா நான் இங்க இருக்கேன். திறக்கலன்னா பெருநாள் எனக்கு ஃபயூம்ல, எங்க அண்ணன் வீட்டுல."

சோபாவுக்கு மெத்தை தைப்பதும், தைத்த சோபாவைத் துணைக்கு ஆள் இல்லாமல் தோளில் ஏற்றி மாடி ஏறுவதும் தவிர வேறொன்றும் தெரியாத ஷவ்கியை, கல்யாணமான நாளிலிருந்து மனுஷனாக நடமாடவைத்தவள் அவள். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்றிலிருந்து அவன் தொடரைப் பார்த்தது மருத்துவமனை வாசலில் காத்திருப்பவன் பார்ப்பதுபோல. நாதிரோ நாளுக்கு நாள் மோசமானான். கதவில் இரண்டாவது பூட்டுப் போட்டான். இன்ஸாஃப் பெட்டியில் குளிர்காலத் துணிகளையும் வைத்தாள்.

அப்போதுதான் மாமன் மகன் பரகாத்தின் நினைவு வந்தது. அவன் அந்தப் படப்பிடிப்பில் தேநீர் போடுகிறவன். நோன்பில் பகலில் தேநீருக்கு வேலை இல்லாததால், கதவுக்கு உள்ளே நிற்கும் காவலாளி வேஷம் கொடுத்து வைத்திருந்தார்கள். ரமலான் தொடர்கள் எப்போதும் போலத்தான். ஒரு பக்கம் ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் கடைசிப் பகுதியை இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டத்தோட கூட்டமா நில்லு மச்சான். இடைவேளை விட்டதும் இயக்குநர் அம்மாவைப் பிடிச்சுப் பேசிடு" என்று சொல்லி, தேடிப் போன ஷவ்கிக்குக் கிழிந்த அங்கி ஒன்றை மாட்டிவிட்டு, பரகாத் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

பாலைவெயில் கொளுத்தியது. தாகத்தில் சாகும் கூட்டமாக நின்றவர்கள் யாரும் தனியாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் நோன்பு. ஒலிபெருக்கியில் உதவியாளன் ஏதேதோ சொன்னான். எதுவும் ஷவ்கியின் காதில் ஏறவில்லை. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த இரும்புக் கதவு கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

இயக்குநர் சுஹைர் கையசைத்ததும் கூட்டம் முன்னே பாய்ந்தது. முதலில் போய் விழுந்தவன் ஷவ்கி. கதவில் தோளைச் சாய்த்து, இரண்டு கையாலும் அறைந்து, நடிப்பென்று ஒன்று இருப்பதையே மறந்து கதறினான்.

"திறந்துடு நாதிர், என் குடும்பம் நாசமாப் போயிடும். இன்ஸாஃப் போயிடுவா, திறந்துடு."

உள்ளே முட்டி மோதும் சத்தம் கேட்டது. மூன்றாவது பூட்டும் போடுகிறார்கள் என்று நினைத்து, இன்னும் பலமாகச் சாய்ந்து, இன்னும் பலமாக அழுதான். பின்னாலிருந்து யாரோ அங்கியைப் பிடித்து இழுத்ததும் அவனுக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் இயக்குநர் சுஹைர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடமே வந்தார். எழுதி வைத்திருந்த முடிவு இதன் முன்னால் நிற்காது, உன் அழுகைக்காகவே முடிவை மாற்றிவிட்டேன் என்றார். ஷவ்கி அவருக்கும், அவருடைய பெற்றோருக்கும், இனிமேல் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும் துஆ செய்துவிட்டு வீட்டுக்குப் பறந்தான்.

பெட்டியை எடுத்து உள்ளே வை, முடிவு மாறிவிட்டது என்று இன்ஸாஃபிடம் சொன்னான். கடைசிப் பகுதிக்கு ஹம்தியையும் ஷேக்கையும் காபிக்கடை ஆட்களையும் வீட்டுக்கே அழைத்தான். குனாஃபா இனிப்பு ஒரு பெரிய தாம்பாளம் நிறைய வாங்கினான். இன்ஸாஃப் பெட்டியைக் கட்டிலிலிருந்து வாசலுக்கு நகர்த்தி வைத்தாள்.

கடைசிப் பகுதி வந்தது. கூட்டம் கதவில் மோதியது. திரை முழுக்க ஷவ்கியின் முகம் வந்தபோது அறையில் இருந்தவர்கள் அந்த முகத்தையும் பக்கத்தில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் கதறினான், கதறிக்கொண்டே இருந்தான். கதவு அசையவில்லை. இசை எழுந்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின. தொடர் முடிந்துவிட்டது.

ஷவ்கியின் கையிலிருந்த குனாஃபா மடியில் விழுந்தது. ஜெயித்த ஹம்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷேக் தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் இன்ஸாஃபைப் பார்த்தார்கள். அவள் எழுந்து வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினாள். தூக்கியபடியே வந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எனக்காக இந்த மனுஷன் அழுததை நாடே பார்த்துடுச்சு. இனி ஃபயூமுக்குப் போனா எங்க அண்ணனே என்னை உள்ள விடமாட்டான்" என்றாள். "நாளைக்குப் பத்து ஏழைங்களுக்குச் சோறு. ஆட்டுக்கறியோட. சமைக்கிறது நீங்க."

அறை சிரிப்பால் நிறைந்தது. யாரோ தாளம் தட்டினார்கள். சந்தோஷத்தில் தலைகால் புரியாத ஷவ்கி உடனே கட்சி மாறி, இப்படியும் ஒரு கல்நெஞ்சன் உண்டா, ஒரே ஒரு தடவை அந்தக் கதவைத் திறந்திருக்கக் கூடாதா என்று நாதிரைத் திட்ட ஆரம்பித்தான். ஹம்தியும் ஷேக்கும் சேர்ந்துகொண்டார்கள்.

தாமதமாக வந்து மூலையில் உட்கார்ந்திருந்த பரகாத், வாயிலிருந்த குனாஃபாவை விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"நாதிரை ஏன் மச்சான் திட்டுறே? அது வெளிப்பக்கமாத் திறக்கிற கதவு. உள்ளேருந்து அவரும் காவலாளிங்க அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துத் தள்ளினோம், நீதான் தோளை எடுக்கவே இல்லையே."