செயலாளர் சதுரங்கம் ஆடிய சனிக்கிழமை

சதுரங்கம் நேரத்தை வீணாக்கும் விளையாட்டு என்று சொல்பவர்களோடு நான் இப்போதெல்லாம் வாதிடுவதில்லை. நேரம் மட்டும்தான் வீணாகும் என்று நம்புகிற அந்த நல்ல மனிதர்களை ஏன் கலங்கடிக்க வேண்டும்? என் விடயத்தில் ஏழு மணித்தியாலமும், இரண்டு ஏக்கர் வயலுக்குரிய தண்ணீரும், நெடுங்கால அரச சேவையில் சேர்த்த மதிப்பும் ஒரே ஆட்டத்தில் போயின. ஆட்டத்திலும் நான் வெல்லவில்லை.

யுத்த நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்து, சனங்கள் கொஞ்சம் மூச்சுவிட்ட காலம் அது. கிளிநொச்சியில் ஓர் அரச அலுவலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். சுற்றறிக்கைகளை இலக்கத்தோடும் பந்தியோடும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. (பரப்பியது நான்தான்.) பரந்தனுக்குக் கிழக்கே மனைவி தவமணியின் சீதனக் காணி, இரண்டு ஏக்கர் வயல். உழவு, விதைப்பு, பசளை எல்லாம் அவள் பார்த்தாள். என் பங்களிப்பு, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் கமக்காரர் அமைப்பின் செயலாளர் பதவி.

கோடைச் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் அளவோடுதான் கிடைக்கும். அதனால் வாய்க்காலில் முறை வைத்திருந்தோம். பத்து நாளைக்கு ஒரு தடவை, ஒரு வயலுக்கு ஆறு மணித்தியாலம். முறைக்காரர் வந்து முந்தியவரின் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசுக் கதவை இறக்கி, தன்னுடையதைத் தூக்க வேண்டும். முந்திய வருடம் களவாகக் கதவு தூக்கியும் வயல் வரம்பு வெட்டியும் நடந்த தகராறுகளில் இரண்டு மண்வெட்டிப் பிடிகளும் ஒரு கையும் முறிந்திருந்தன. ஆகவே நான் பதினான்கு விதிகளை எழுதினேன். ஏழாம் விதி: முறைக்காரரைத் தவிர வேறெவரும் கதவில் கை வைக்கலாகாது. ஒன்பதாம் விதி: தவறிய முறை தவறியதே. பதினோராம் விதி: ஒருவர் வயலில் உள்ள தண்ணீரை வரம்பு வெட்டி அடுத்தவர் வயலுக்கு விடலாகாது. நான் வாசித்து முடித்தபோது கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சதுரங்கப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அலுவலகத்தில். கொழும்பிலிருந்து வந்த ஒரு சக ஊழியர் மடிக்கக்கூடிய சிறிய பலகை ஒன்றை விட்டுப் போயிருந்தார்.

"மனுசருக்கு முன்யோசனை வேணும் தவம். இது அதைப் பழக்கும். நான் இப்ப ஏழு நகர்த்தல் முன்னுக்குப் பாப்பன்" என்றேன் ஒருநாள்.

"குசினிக் கதவின்ர பிணைச்சல் கழண்டு ரெண்டு மாசம். அது எத்தினையாவது நகர்த்தலில வருது?"

"அது வேற" என்றேன்.

எங்களுக்கு முந்திய முறை வேலாயுதத்தின் வயலுக்கு. மலையகத்திலிருந்து எழுபதுகளில் வந்து, காட்டை வெட்டி வயலாக்கியவர். என் வயதுதான். நான் அறிந்த மனிதர்களில் அவசரம் என்ற ஒன்றே இல்லாதவர் அவர் மட்டுமே. இரண்டு கிழமைக்கு முன் நான்தான் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்திருந்தேன். எனக்கு ஓர் எதிராளி தேவைப்பட்டார். தோற்கக்கூடிய எதிராளியாக இருந்தால் இன்னும் நல்லது.

அந்தச் சனிக்கிழமை நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரளும் நேரம். அப்போது தண்ணீர் தவறினால் அறுப்பது நெல்லல்ல, பதர். வழக்கமாகத் தண்ணீர் முறைக்குத் தவமணிதான் போவாள். அன்று பளையில் அவளுடைய அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"எட்டு மணிக்கு எங்கட முறை. கதவைத் தூக்கிப்போட்டு, ரெண்டு மணிக்குப் பாக்கியமக்கா வாற வரைக்கும் நிண்டாக் காணும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம். செய்வியளோ?"

"விதியை எழுதினதே நான்."

"அதுதான் பயமாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஏழு மணிக்கே போய்விட்டேன். தன் முறைக்குக் காவலாக வேலாயுதம் வாய்க்கால் கரையில் மருத மரத்தின் கீழ் இருந்தார். என் பையில் சதுரங்கப் பலகை இருந்தது. (தற்செயலாக அல்ல.) இரண்டு கிழமை பழகியவரை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"ஐயா, எட்டாச்சுங்க. ஒங்க தண்ணி" என்றார் வேலாயுதம்.

அந்நேரம் என் குதிரை அவருடைய ராணியையும் கோட்டையையும் ஒன்றாக மிரட்டிக்கொண்டு நின்றது. இப்படியான கட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசுபவர் என் கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறார் என்றே எனக்குப் பட்டது.

"வேலாயுதம், ஆட்டத்தைப் பாரும். தண்ணி எங்கையும் ஓடாது."

தண்ணீருக்கு ஓடுவதைத் தவிர வேறு தொழில் கிடையாது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அவர் ஒரு காலாளை நகர்த்த இருபது நிமிடம் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவர் நகர்த்தியவுடன் எழும்புவது என்று தீர்மானிப்பேன். நகர்த்தியவுடன் என் முறை வந்துவிடும். (துருசிலும் என் முறைதான் என்பதை அந்த நேரம் நான் முக்கியமாகக் கருதவில்லை.)

பத்து மணியளவில் அவர் மறுபடியும் வாய் திறந்தார்.

"ஐயா, ஏ வயலு ரொம்பி வழியுதுங்க. கழிவு வாய்க்கால்ல விழுது. நா ஓடிப் போயி ஒங்க கதவத் தூக்கி விட்டுட்டு வந்துரவா?"

"ஏழாம் விதி" என்றேன், தலை நிமிராமல்.

"அப்ப ஏங் கதவையாவது எறக்கிடட்டுமா?"

"உம்மட முறை எட்டோட முடிஞ்சுது. இப்ப அதிலையும் நீர் கை வைக்கேலாது."

அவர் சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் விதிக்குக் கட்டுப்பட்டு அசையாமல் இருந்தோம்.

ஒன்றரை மணிக்கு என்னிடம் ராணியும் கோட்டையும் ஒரு காலாளும் இருந்தன. அவரிடம் அரசன் மட்டும். இரண்டு நகர்த்தலில் முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு அழகாக முடிக்க வேண்டும் போலிருந்தது. காலாளைக் கடைசிக் கட்டம் வரை நடத்திச் சென்று இரண்டாவது ராணியாக்கினேன். அதற்குக் காய் இல்லாததால் ஒரு மருதங்காயைப் பொறுக்கி வைத்தேன்.

வேலாயுதம் வெகுநேரம் பலகையைப் பார்த்தார்.

"ஐயா, இப்ப ஏ ராசாவ யாரும் வெட்ட வரல. ஆனா எங்கிட்டு வச்சாலும் வெட்டு. வேற காயும் இல்ல. நா என்னங்க செய்யிறது?"

செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்கும் விதி இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும். ஆட்டம் சமன். இரண்டு ராணிகளை வைத்துக்கொண்டு, இரண்டு கிழமை பழகியவரோடு சமன்.

"செயலாளர் ஐயா, ரெண்டு மணி."

தோளில் மண்வெட்டியோடு பாக்கியம் அக்கா நின்றார். அடுத்த வயல்காரி. வாய்க்காலை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"உங்கட கதவு தூக்கவே இல்லைப் போல கிடக்கு?"

"அக்கா, ஒரு ரெண்டு மணித்தியாலம் மட்டும்..."

"ஒன்பதாம் விதி" என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசிக்கேக்க கேட்டுப் பாடமாக்கினனான்."

மூன்றரை மணிக்குத் தவமணி பஸ்ஸால் இறங்கி நேரே வயலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, காய்ந்த வெடிப்பு ஒன்றில் கால் பெருவிரலை விட்டுப் பார்த்தாள்.

"வெண்டியளோ?" என்று கேட்டாள்.

"சமன்."

"ஏழு நகர்த்தல் முன்னுக்குத் தெரியிற மனுசனுக்கு, ஏழு முழம் தள்ளிக் கிடக்கிற வாய்க்கால் தெரியேல்லை" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

வேலாயுதம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, ஏ வயல்ல தண்ணி தேங்கி நிக்குது. வரப்ப வெட்டி விட்டா ஒங்க வயலுக்குப் பாயுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதினோராம் விதியைச் சொன்னேன்.

மறுநாள் காலை குசினியில் தவமணி என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள். "செயலாளர், கமக்காரர் அமைப்பு" என்று விலாசமிட்டிருந்தது. "கிடைச்சது எண்டு ஒப்பம் வையுங்கோ" என்றாள். பிரதியும் எடுத்து வைத்திருந்தாள்.

அன்று பின்னேரமே பொதுநோக்கு மண்டபத்தில் அவசரக் கூட்டம். நடைமுறைப்படி மனுவைச் செயலாளர் வாசிக்க வேண்டும். வாசித்தேன். "எனது கணவர் சதுரங்கம் விளையாடிக்கொண்டிருந்தமையால் எமது பயிர் தண்ணீரின்றி வாடுவதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன். வரம்பு வெட்ட அனுமதி வேண்டுகிறேன்." தலைவர் செருமிக்கொண்டு, "செயலாளர், விதி என்ன சொல்லுது?" என்றார்.

"இடமில்லை."

"அப்ப விதியை மாத்துங்கோ" என்றார் பாக்கியம் அக்கா.

"திருத்தத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் வேணும்." இதை நான் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிற்று.

"ஏழு நாளு தண்ணி நிக்காதுங்களே" என்றார் வேலாயுதம்.

"செயலாளர் ஐயா, உங்களுக்கு விதி வேணுமோ, சோறு வேணுமோ?" என்று பாக்கியம் அக்கா கேட்டார். மண்டபம் முழுவதும் சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வயலில்தான் அடுத்த மாரிவரை எங்கள் சோறு இருந்தது என்பது அப்போதுதான், ஒரு நகர்த்தல் பிந்தி, எனக்குத் தெரிந்தது.

"முன்னறிவித்தல் தேவையில்லை" என்றேன். வாழ்நாளில் நான் தளர்த்திய முதல் நடைமுறை.

திருத்தம் நிறைவேறியது. பாக்கியம் அக்கா உட்காரவில்லை. "இன்னொரு விதியும் வேணும். தண்ணி முறை நாளில இவர் சதுரங்கம் விளையாடக் கூடாது."

"விதிகளில் தனியாளைக் குறிப்பிடும் வழக்கமில்லை. செயலாளர் என்று போடலாம்" என்றேன்.

"செயலாளர் மாறலாம். தவமணியின்ர புருசன் மாறேலாதே. அப்பிடியே போடுங்கோ."

போட்டேன். பதினைந்தாம் விதி: தவமணியின் கணவர் தண்ணீர் முறை நாட்களில் சதுரங்கம் ஆடலாகாது. ஏகமனதாக நிறைவேறியது. ஆமோதித்தவர் தவமணி.

பொழுது சாயமுன் வேலாயுதம் வரம்பை வெட்டினார். தேங்கியிருந்த தண்ணீர் எங்கள் மேல் ஏக்கர்வரை வந்து நின்றுவிட்டது. அந்த ஏக்கர் தப்பியது. கீழ் ஏக்கர் முழுதும் பதர். அதுதான் வீதியோரம் இருந்தது என்பதால், அறுவடைவரை போகிற வருகிற எல்லோரும் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. மறுபடி யுத்தம் மூண்டு இடம்பெயர்ந்தபோது அமைப்பின் அலுமாரியும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் போயின. திரும்பி வந்தவர்கள் ஒரு தறப்பாள் கூரையின் கீழ் கூடி அமைப்பை மறுபடி தொடங்கியபோது, பழைய விதிகளைச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். எழுதிய எனக்கே நாலைந்துதான், அதுவும் அரைகுறையாக, வந்தன. பதினைந்தாவதை மட்டும் எல்லோரும் சொல்லுக்குச் சொல் சொன்னார்கள். வேறொன்றும் முழுதாகக் கிடைக்காததால், முதலாம் விதி என்று அதையே பதிந்தார்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். செயலாளர் இப்போது தவமணி. ஒவ்வொரு சிறுபோகக் கூட்டத்திலும் முதலாம் விதியை அவள் எழுந்து நின்று நிதானமாக வாசிப்பாள். புதிதாகச் சேர்ந்தவர் யாராவது, அந்தக் கணவர் யார் என்று கேட்பார். நான் எழுந்து நிற்பேன். அப்படி நிற்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை, நடைமுறையாகிவிட்டது.