ஆறு காணாமல் போன வியாழக்கிழமை

திட்டம் போடுவதில் எனக்கு இணை கிடையாது. போட்ட திட்டம் எங்கே போய் முடிய வேண்டும் என்பதில்தான் எனக்கும் உலகத்துக்கும் ஒத்துப்போவதில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள். மறுவீட்டு விருந்துக்கு அக்காவும் மாமாவும் கள்ளக்குறிச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமா களமருதூர்க்காரர். இரண்டே நாளில் அவருக்குள் எத்தனை கோழி போயிற்றோ, வெளியே வந்தது ஒரே வார்த்தைதான்: "நல்லாருக்குங்க."

நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். (ஐந்து நிமிட வீடியோ பார்த்துவிட்டு ஆறாவது நிமிடம் வகுப்பெடுக்கிற வயசு.) அந்த மாதம் நான் பார்த்த வீடியோ, டிரிஃப்ட் டைவ். ஏதோ ஒரு வெளிநாட்டு ஆறு, கண்ணாடி மாதிரி தண்ணீர். நீந்தவே வேண்டாம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் போதும். ஓட்டமே நம்மைக் கொண்டுபோகும்.

அப்படி ஒரு தண்ணீர் எனக்குத் தெரியும். கல்வராயன் மலையில், ஒரு பாறைக்கு அடியில் ஊற்றாகக் கிளம்பி வருவது. அந்த ஊர்க்காரர்கள் ஓடை என்பார்கள். திட்டத்தில் நான் ஆறு என்றே எழுதினேன்.

மாமாவை அழைத்ததும் "சரிங்க மச்சான்" என்றார். (அன்று மத்தியானம் ஐந்தாவது கோழி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.) அக்கா மட்டும் என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள்: "டேய், ஒரு மணிக்குப் பெரியப்பா வூட்லருந்து எல்லாரும் இங்க சாப்பிட வராங்க. அதுக்குள்ள அவரு வரணும். அவரு மேல ஒரு கீறல் இருந்துச்சுன்னா, இந்த வூட்ல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

கீறலா! என் திட்டத்திலா! மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டிருந்தேன். இறங்கும் இடம் ஊற்றுப் பாறை, ஏறும் இடம் மரப்பாலம். செவ்வாய்க்கிழமையே போய் ஒரு கொட்டாங்கச்சியை மிதக்கவிட்டு, கூடவே கரையில் நடந்து, நாற்பது நிமிடம் என்று குறித்திருந்தேன். ஆளுக்கொரு முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய். உளுந்தூர்பேட்டை பஞ்சர் கடையில் வாங்கிய லாரி டியூப், அதன்மேல் எச்சரிக்கைக்குச் சிவப்புத் துண்டு. மாற்றுத்துணியோடு பாலத்தில் காத்திருக்க என் சிநேகிதன் சலீம். மொத்தம் எட்டு விதிகள். நான்காவது விதிக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு: என்ன நடந்தாலும் வாயிலிருந்து குழாயை எடுக்கக் கூடாது.

பயிற்சி கூட உண்டு. மாமாவை எங்கள் வீட்டு அண்டாவுக்குள் முகம் வைக்கச்சொல்லி மூச்சுவிடப் பழக்கினேன். புது மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் குனிந்து குமிழி விட்டார்.

வியாழக்கிழமை காலை ஊற்றுப் பாறையில் இறங்கினோம். இதுவரை நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இனிச் சொல்வதும் பொய்யில்லை. ஊற்றுக்கண்ணில் வெள்ளை மணல், உலையில் அரிசி போலப் பொங்கிப் பொங்கி அடங்கியது. ஒவ்வொரு கூழாங்கல்லையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. வெயில் தண்ணீருக்கடியில் வலை வலையாக அசைய, அந்த வலைக்குள் விரல் நீள மீன்கள் எங்கள் கூடவே வந்தன. மாமா என்னைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றையும் காட்டினார். அவரைக் கூட்டிவந்த பெருமையில் எனக்கு உடம்பே மிதந்தது. (டியூபும் ஒரு காரணம்.)

ஒரு வளைவு வந்தது. மாமா என் தோளைத் தட்டி "ம்ம்ம்" என்றார். மீன் பார்த்திருப்பார் என்று நானும் "ம்ம்ம்" என்றேன். மறுபடி, பலமாக, "ம்ம்ம்!" பெரிய மீன் போல.

சற்று நேரத்தில் கூழாங்கல் மறைந்து புல் வந்தது. புல் மறைந்து சேறு. ஓட்டம் திடீரென்று வேகமெடுத்தது. இரண்டு முழங்கையும் இரண்டு கரையிலும் உரசின. தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள், மடைவாயில் டியூப் போய் மாட்டிக்கொள்ள, நாங்கள் இருவரும் அதைத் தாண்டி ஒரு நடவு வயலில் மல்லாந்து விழுந்தோம்.

நாற்று நட்டுக்கொண்டிருந்த நான்கு பெண்கள் நிமிர்ந்தார்கள். மண்வெட்டியோடு ஐந்தாமவர் ஓடிவந்தார். வயலுக்குச் சொந்தக்காரர், கோவிந்தம்மா.

"டேய், யார்றா நீங்க? வாரத்துல ஒரு நாளு என் மொற. அதுல வந்து அடைச்சிக்கினு நிக்கிறீங்க!"

அந்த ஓடைத் தண்ணீர் நாளுக்கு ஒரு குடும்பமாக முறை வைத்துப் பாய்வது. முறைக்காரர் ஓடையில் அடைப்புப் போட்டுத் தண்ணீரைத் தன் வாய்க்காலுக்குத் திருப்பிக்கொள்வார். இது அந்த மலையில் ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரியும். நான் கொட்டாங்கச்சியை மட்டும்தான் விசாரித்திருந்தேன்.

"அக்கா, செவ்வாக்கிழம நேராத்தான போச்சு?"

"செவ்வா சின்னதம்பி மொற. அவன் கெழங்கு புடுங்கிட்டான், தண்ணி வேணாம்னு வுட்டுட்டான்."

அதற்குள் டியூப் அடைத்த தண்ணீர் பக்கத்து வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்தவர் வயலுக்குள் இறங்கியது. கோவிந்தம்மாவின் ஒரு வாரத்துத் தண்ணீர் கண்ணெதிரே போனது. நான் பத்திரிகையைத் தேடினேன். வரப்பு உடைந்தால் என்ன செய்வது என்று எட்டு விதியிலும் இல்லை.

மாமா முகக்கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். டியூபை ஒரே உதையில் விடுவித்தார். நேரே போய் உடைப்பில் குறுக்கே படுத்தார்.

"மண்ணப் போடுங்கக்கா! என் முதுகுமேலயே போடுங்க! மச்சான், புல்லுக்கட்டு எடுத்தா!"

பன்னிரண்டு நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியங்கள். கோவிந்தம்மா அள்ளிப் போட்டார். கரை எழும்ப எழும்ப மாமா பதமாக நழுவி வெளியே வந்து, காலால் மிதித்துக் கரையை இறுக்கினார். தண்ணீர் நின்றது. அவ்வளவு அழகான வேலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இவரு ஆளு" என்றார் கோவிந்தம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இன்னா படிக்கிற?"

"சிவில் இன்ஜினியரிங்."

"தண்ணி எந்தப் பக்கம் போவும்னு அதுல சொல்லித் தரமாட்டாங்களா?"

கீழே பாலத்தில் சலீம் கணுக்கால் அளவுக்கு வற்றிய ஓடையைப் பார்த்துக் கலங்கி, சிக்னலுக்காக ஒரு பாறைமேல் ஏறி என் வீட்டுக்கே போன் போட்டிருக்கிறான்: "அக்கா, ஆத்தையே காணோம்க்கா! அப்புறம் அதுல போனவங்கள எங்கன்னு தேடுறது?"

ஒரு மணிப் பந்திக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலரை. அக்கா அழுது முடித்து, அடிக்கத் தயாராக வாசலில் நின்றாள். மாமாவின்மேல் கீறல் தெரியவில்லை. கீறல் தெரியவேண்டுமென்றால் முதலில் தோல் தெரியவேண்டும்.

"நல்லாருக்கேன்" என்றார் மாமா அவளிடம். "மீனு பாத்தேன். ரொம்ப அழகு. நீயும் வரணும்."

கிணற்றடியில் அவர் முதுகில் தண்ணீர் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டேன். "மாமா, அந்த வளைவுல..."

"அடைப்பு போட்டிருந்தாங்க, பாத்தேன். எங்க ஊர்லயும் மொறதான்."

"ஏன் சொல்லல?"

"வாயில குழாய் இருந்துச்சே, மச்சான். நாலாவது விதி."

அடுத்த வருஷம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம், முறை விசாரித்துவிட்டு. கோவிந்தம்மா மாமாவுக்கு மட்டும் கூழ் கொடுத்தார்.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா மாமாவிடம் கேட்டார்: "பையன் எப்படிங்க?" மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். விரல்களைக் குழாய் மாதிரி குவித்து வாயில் வைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் கதையை முழுசாகச் சொல்லவேண்டி வந்தது. அந்தப் பெண் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்றைக்கும் நான் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால், என் மனைவி விரல்களைக் குவித்து வாயில் வைத்துக்கொள்கிறாள்.