எட்டு வெள்ளைக் கார்

"எட்டு காரா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் செங்கல்வராயன்.

"எட்டு தாண்ணே. மாடில ஹால் கட்டினீங்க இல்ல, அதுக்கு எட்டு கார் நிறுத்த எடம் காட்டணும். இல்லன்னா ஹாலுக்கு சீல்."

கட்டடங்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கும் சூரியபிரகாஷ் இதை வாயில் வடையோடு சொன்னான். வடை செங்கல்வராயன் ஓட்டல் வடைதான்.

ஆம்பூரிலிருந்து மாதனூர் போகிற ரோட்டில் 'பூங்காவனம் மெஸ்' என்று பெண்டாட்டி பேரில் அவர் ஓட்டல் வைத்துப் பத்து மாதம் ஆகிறது. ஷூ கம்பெனி ஆட்கள் நடந்து வந்து சாப்பிடுவார்கள், சைக்கிளில் வந்து சாப்பிடுவார்கள். காரில் வந்தவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவரும் வேலூருக்கு வழி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

"இங்க ரெண்டு பைக்கு நிறுத்தினாலே மூணாவது ஆளு உள்ள வர முடியாதுப்பா."

"அதுக்குத்தாண்ணே விதித் தளர்வு கேட்டு மனு போட்டிருக்கேன். பக்கத்துலயே வேற எடத்தக் காட்டினா ஆபீசர் நேர்ல பாத்து எழுதுவாரு. வெள்ளிக்கிழம காலைல எட்டு மணிக்கு வர்றாரு. பாண்டியன் சாரு. டேப்பு எப்பவும் சட்டப் பையிலயே இருக்கும். அரை அடி கம்மியானாலும் பேனாவ மூடிடுவாரு."

செங்கல்வராயன் மெஸ் வைப்பதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். 'இனி இந்தப் பஸ்ஸில் ஏற மாட்டேன்' என்று ஊரறியச் சொல்லிவிட்டு வெளியே வந்தவர். கம்பெனி பஸ் டிரைவர் கோதண்டபாணிக்கு அது போதாதா. தினமும் காலையில் ஏழு ஐம்பதுக்கு மெஸ் வாசலில் வேகத்தைக் குறைப்பான், இரண்டு ஹாரன் அடிப்பான், தலையை வெளியே நீட்டுவான்.

"ராயா, உன் சன்னலோர சீட்டு காலியாத்தான் கீது. வர்றியா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்த இரண்டு ஹாரனுக்குப் பிறகு செங்கல்வராயன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். கையிலிருந்ததெல்லாம் மாடி ஹாலுக்குள் போய்விட்டது. ஹாலுக்கு சீல் விழுந்தால் அந்த சீட்டில்தான் போய் உட்கார வேண்டும், அதுவும் ஐம்பது பேர் பார்க்க.

மெஸ்ஸுக்குப் பக்கத்து மனை ரஷீத் அஹமது பாயுடையது. கொடி கட்டித் தோல் காயப்போடுகிற இடம். செங்கல்வராயன் ஒரு தட்டு பிரியாணியோடு போய் நின்றார்.

"எடம் தர்றேன், லெட்டரும் எழுதித் தர்றேன்," என்றார் பாய். "ஆனா கொடியில ஈரத் தோல் கீதே. அத எங்க கொண்டு போறது?"

"எங்கியாவது வைங்க பாய். ஒரு நாள் தானே."

பாய் மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். "உன் ஹால் காலியாத்தானே கீது?"

வியாழக்கிழமை மதியத்துக்குள் புது ஹாலில் நூற்றிருபது ஆட்டுத்தோல் தொங்கியது. திரைச்சீலைக் கம்பியில், ஃபேன் கொக்கியில், 'குடும்பத்தினர் அமரும் இடம்' என்ற பலகையில். பூங்காவனம் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு மேலே வந்தாள்.

"பிரியாணி வாசன வெளிய போவக் கூடாதுன்னு ஏசி போட்டீங்க. இப்ப ஆட்டோட போன ஜென்மத்து வாசனையும் வெளிய போவாது."

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கடி. ஆபீசரு கீழ பார்க்கிங்கத்தான் பாப்பாரு. மாடி ஏற மாட்டாரு."

"ஏறினா?"

இது அவருக்குத் தோன்றவேயில்லை. தோன்றியதும் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதிலும் ஒரு தோல் இருந்தது.

சாயங்காலம் சூரியபிரகாஷ் போன் செய்தான். "அண்ணே, காலி மனையக் காட்டினா சார் நம்ப மாட்டாரு. போன மாசம் ஒருத்தர் கோடு மட்டும் போட்டுக் காட்டினாரு, 'கார் எங்கய்யா'ன்னு கேட்டுட்டுப் போய்ட்டாரு. கார் நிக்கணும்ணே."

காருக்கு எங்கே போவது? ஆம்பூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் செல்வகுமாரிடம்தான். அவன் தங்கச்சி கல்யாணத்துக்குச் சமைத்துப் போட்டவர் செங்கல்வராயன். அந்த நன்றிக்கு அவன் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் எட்டு காரையும் கொண்டுவந்து, ஸ்கேல் வைத்தாற்போல் வரிசையாக நிறுத்திவிட்டான். எட்டும் வெள்ளை. டிரைவர்கள் எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டை. இறங்கியதும் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு தெருவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இன்னா செல்வா, எல்லாம் வெள்ளையா இருக்குது?"

"டிராவல்ஸ்னா வெள்ள தாண்ணே. கலர் வேணும்னா மொதல்லயே சொல்லி இருக்கணும்."

செங்கல்வராயனுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தலைக் கவனிக்க நேரமில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று, ஆபீசர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோல் வியாபாரம் நடக்கிற ஊர்களில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் ஒன்று தெரியும். விடிந்ததும் மூன்று வெள்ளைக் காருக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் யார், எவர் என்று கேட்கக் கூடாது. ஷட்டரை இறக்கிவிட்டு ஏதாவது கல்யாணத்துக்குப் போய்விட வேண்டும். தப்புச் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏழு பத்துக்குக் கெமிக்கல் கடை ஷட்டர் இறங்கியது. ஏழே காலுக்குத் தோல் குடோன், அதன் பின்னாலேயே ஷூ சோல் கடை. மடியில் கனமே இல்லாத பஞ்சர் கடைக்காரர்கூட ஒரு மரியாதைக்கு மூடினார்.

தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் கண்ணம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ராயா, இன்கம்டாக்ஸ் ரெய்டாம்பா. எட்டு வண்டில வந்துக்கிறாங்களாம். கடைய சாத்து."

"எங்க?"

"யாருக்குத் தெரியும். எட்டுன்னு மட்டும் தான் சொல்றாங்க."

"எட்டா?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் செங்கல்வராயன். பக்கத்து மனையில் நிற்பதை எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பயம் வந்தவனுக்கு எண்ணிக்கை வராது.

போன் அடித்தது. ரஷீத் பாய், கிசுகிசுப்பாக.

"செங்கலு, நா ஒடுகத்தூர்ல மச்சான் வூட்ல கீறேன். எவனாவது வந்து மாடில இருக்கிற தோல் யார்துன்னு கேட்டா, உன்துன்னு சொல்லிடு."

"நா ஓட்டல் நடத்தறேன் பாய். எனக்கு எதுக்கு நூத்திருபது தோலு?"

"அவ்ளோ பிரியாணி போட்டா தோல் மிச்சமாகும்ல?" என்று சொல்லிவிட்டு பாய் போனை அணைத்துவிட்டார்.

ஒரு பக்கம் ரெய்டு, இன்னொரு பக்கம் டேப்போடு ஆபீசர், மாடியில் யாருடையது என்றே சொல்ல முடியாத தோல். யோசிக்காமல் செங்கல்வராயன் தன் ஷட்டரையும் இறக்கினார். உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்த பூங்காவனத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிக்கு ஓடி, சன்னல் பக்கம் தொங்கிய தோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி நாற்றத்தால், பாதி நிஜமாகவே.

ஏழு ஐம்பது. கம்பெனி பஸ் தெருமுனைப் புளியமரத்தடியில் திரும்பியது. அங்கே ஸ்டாப் இல்லை, ஆனால் நின்றது. ஒரு நிமிஷம் கழித்துக் கிளம்பி, மெஸ்ஸைத் தாண்டி விர்ரென்று போய்விட்டது. வேகம் குறையவில்லை. ஹாரன் இல்லை.

தினமும் எந்தச் சத்தத்துக்குப் பயந்தாரோ, அந்தச் சத்தம் வராமல் போனது இன்னும் பெரிய பயமாக இருந்தது. "அந்த சீட்டும் போச்சு," என்று தோலிடம் சொன்னார். ஓட்டலும் இல்லை, கம்பெனியும் இல்லை. நாற்பத்தாறு வயதில் இனி யார் வேலை தருவார்கள்?

எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஆபீசர் வரவில்லை. ஒன்பதரைக்குப் பூங்காவனம் ஷட்டரைத் தூக்கினாள். வெளியே பார்த்தாள், டிரைவர்களிடம் விசாரித்தாள். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இந்தாங்க, ரெய்டு வண்டின்னு ஊரே ஓடிச்சாமே, அது நம்ம செல்வகுமார் வண்டி தானே?"

செங்கல்வராயன் சன்னல் வழியாக விரல் விட்டு எண்ணினார். சரியாக எட்டு வந்தது. இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். டிரைவர்கள் எட்டுப் பேரும் பசியோடு உள்ளே போனார்கள். அறுபத்திரண்டு இட்லி காலியானது. அன்றைக்கு நடந்த வியாபாரம் அவ்வளவுதான், அதற்கும் காசு வாங்க முடியாது.

ஆபீசருக்கு போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். சூரியபிரகாஷ் விசாரித்துச் சொன்னான். "சார் இன்னிக்கி ஆபீசுக்கே போவலயாம்ணே. நேர்ல பாத்து எழுதலன்னா மனு தள்ளுபடி தான். திங்கக்கெழம சீல் வச்சிடுவாங்க."

"அவரு வந்து பாத்திருந்தா? கடையும் சாத்தி, ஊரும் சாத்தி..."

"அப்ப திங்கக்கெழம கூட இல்லண்ணே. நாளைக்கே."

சாயங்காலம் செங்கல்வராயன் பெட்டியைத் திறந்து பழைய கம்பெனி அடையாள அட்டையை எடுத்துத் துடைத்தார். பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டு, அவருடைய பழைய டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தாள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

ஆறரைக்கு ஆட்களை இறக்கிவிடத் திரும்பிய பஸ் மெஸ் வாசலிலேயே நின்றது. செங்கல்வராயன் அட்டையைக் கையில் மறைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் போனார்.

"கோதண்டம், அந்த சீட்டு இருக்குதா?"

"இன்னிக்கி காலைல தாம்பா அதுல ஆளு ஏறிச்சு," என்றான் கோதண்டபாணி. தலைக்கு மேல் சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினான். "இத உன்னாண்ட குடுக்கறதா, அவங்களாண்ட குடுக்கறதான்னு தெரியல. வண்டிங்க போய்டுச்சா?"

செங்கல்வராயன் பிரித்தார். அவருடைய மனுதான். அடியில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'நேரில் பார்த்தேன். எட்டு கார்கள் இடையூறின்றி நிற்கக் கண்டேன். தளர்வு வழங்கப் பரிந்துரைக்கிறேன்.' கீழே பாண்டியன் கையெழுத்து, தேதி, முத்திரை.

அவர் மூன்று முறை படித்தார். எழுத்து மாறவில்லை.

"புளியமரத்தாண்ட பைக்கப் போட்டுட்டு ஓடியாந்து குறுக்க நின்னாரு," என்றான் கோதண்டபாணி. "உன் சீட்டுல குனிஞ்சு உக்காந்துக்கினாரு. 'அந்த வண்டிங்க என்னப் புடிக்கத் தான் நிக்குது, ஹாரன் அடிக்காத'ன்னு கெஞ்சினாரு. ஓடற பஸ்ஸுலயே எழுதி, 'அந்தக் கார்ல வந்தவங்க கைல சேத்துடுப்பா, நா யாருக்கும் தொந்தரவு குடுக்காத ஆளுன்னு சொல்லிடு'ன்னு கம்பெனி கேட்டாண்ட எறங்கிட்டாரு."

"அரை அடி கம்மின்னாலும் வுடாத மனுஷன். அவரு எதுக்குப்பா பயப்படணும்?"

கோதண்டபாணி கியரைப் போட்டான். "எங்க தெருவுல தாம்பா அவரு வூடு. மூணு மாடி கட்டினாரு, சைக்கிள் நிறுத்தக்கூட எடம் வுடல. அவரு பைக்கு தெனம் எங்க வூட்டு வாசல்ல தான் நிக்குது."