படபடப்புக்கு ஒரு பட்டன்

வீட்டு வேலைங்கிற சனியனை இனிமே கையால தொடுறதில்லைன்னு நம்ம வாட்ச் ரிப்பேர்க்காரர் முடிவே பண்ணிட்டார். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச ஆயுதம், அவரோட சொந்த இதயம்.

முழுப் பொய்னும் சொல்ல முடியாது. ஒரு நாள் சாப்பிட்டுட்டு சோபால சாஞ்சிருந்தப்ப, நெஞ்சுல ஒரு துடிப்பு தவறி, அப்புறம் 'டொம்'னு ஒரு குத்து. மனுஷன் பயந்துதான் போனார். ஆனா அதைக் கேட்டதும் பொண்டாட்டி துடைப்பத்தை அவர்கிட்ட நீட்டாம தானே பெருக்குனா பாருங்க, அங்கதான் பயம் போயி குறுக்கு புத்தி வந்துச்சு.

அதுலேருந்து பாத்திரம்னா படபடப்பு. ஒட்டடைன்னா ரெட்டைப் படபடப்பு.

"ஏங்க, தண்ணித் தொட்டியக் கழுவணும்..."

"ஐயோ, இந்தா அடிக்குது! கை வச்சுப் பாரு."

பாவம், அவ நிஜமாவே நம்பிட்டா. கண்ணைத் துடைச்சுக்கிட்டே அவரை இதய டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனா. ஈசிஜி எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. "கோளாறு வர்ற நேரத்துல பிடிச்சாத்தான் தெரியும்"னு டாக்டரம்மா அவர் மார்ல வயர்களை ஒட்டி, இடுப்புல ஒரு சின்ன டப்பாவைத் தொங்க விட்டாங்க.

"நாளைக்கு வரைக்கும் இது கூடவே இருக்கட்டும். எப்பவும் போல இருங்க. படபடன்னு வந்தா இந்த பட்டனை அமுக்குங்க."

நம்மாளு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தையே கொடைஞ்சு பழகின கையாச்சே, யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. 'இது ஸ்டாப் வாட்ச் மாதிரி. அமுக்குனா ஓடும், இல்லாட்டி தூங்கும்'னு அவரே தீர்ப்பு எழுதிட்டார். அப்போ வேலை செய்யறப்ப மட்டும் அமுக்குனா போச்சு. 'வேலை செஞ்சா ஆள் காலி'ன்னு டாக்டரம்மாவே சொல்லிருவாங்க. ஆயுசுக்கும் சோபா!

வீட்டுக்கு வந்து, கட்டை விரலைப் பட்டன் மேல வச்சுக்கிட்டுக் காத்திருந்தார். ஒரு வேலையும் வரலை.

"என்ன, இன்னிக்கு வேலையே இல்லியா?"

"நீங்க படுங்க. நான் பாத்துக்குறேன்."

"அந்த ஃபேன்ல தூசி..."

"இருந்துட்டுப் போகுது. உசுரை விட தூசியா பெருசு?"

ஆதாரம் வேணுமே! மனுஷன் தானே ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபேனைத் துடைச்சார். அமுக்கினார். டப்பா நனையாம பாத்திரம் தேய்ச்சார். அமுக்கினார். கல்யாணம் ஆனதுலேருந்து யாரும் அசைக்காத பீரோவை நகர்த்தி, பின்னாடி பூந்து பெருக்கினார். அமுக்கோ அமுக்குன்னு அமுக்கினார்.

"வேணாங்க, விடுங்க"ன்னு முதல்ல பதறினா பொண்டாட்டி. பீரோ நகர்ந்ததும் அவரை ஒரு மாதிரி பார்த்தா. பட்டனைப் பார்த்தா. அதுக்கப்புறம் பதறலை.

"ஜன்னல் கம்பியும் அழுக்காத்தான் கெடக்கு"ன்னு யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டா.

அதையும் துடைச்சுட்டு சாயங்காலம் சோபால விழுந்தார். மெஷினும் தூங்குதுங்கிற தைரியம்.

மறுநாள் டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க.

"இங்க அமுக்கியிருக்கார். ஆனா துடிப்பு சீரா இருக்கே?"

"அது ஃபேன் துடைச்சப்போ டாக்டர்"னா பொண்டாட்டி.

"இங்க?"

"பாத்திரம்."

"இதுவும் சீர்தான். இங்க என்ன, விடாம அமுக்கியிருக்கார்?"

"பீரோ."

"வேகமா அடிக்குது, ஒண்ணு கூடத் தவறலை. அருமையான இதயம்! ஆனா சாயங்காலம் பாருங்க, அப்பப்போ ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வருது. அப்ப பட்டனே அமுக்கலை."

நம்மாளு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "அப்பவுமா மெஷின் ஓடுச்சு?"

"அது நிக்கவே நிக்காதுங்க. எல்லாத்தையும் பதிஞ்சுக்கிட்டே இருக்கும். பட்டன் சும்மா ஒரு அடையாளத்துக்கு. சாயங்காலம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பொண்டாட்டி முந்திக்கிட்டா: "சோபால குறட்டை விட்டுக்கிட்டிருந்தார்."

"அதான். சில பேருக்கு சும்மா இருக்கிறப்ப இப்படி வரும், நடமாடினா அடங்கிடும். உங்களுக்கு இதுல ஆபத்து இல்லை, மாத்திரையும் வேணாம். நல்லா ஓடியாடி வேலை செய்யுங்க."

நம்மாளு தரையைப் பார்த்தார். வயர் ஒட்டுன இடமெல்லாம் அரிச்சுது. சொறியக்கூட வெக்கமா இருந்துச்சு. பொண்டாட்டி குனிஞ்சு அவர் காதுகிட்ட மெதுவா கேட்டா:

"அன்னிக்கு நான் அழுதேனே, அப்ப இந்த அருமையான இதயம் ஒரு துடிப்பாவது தவறுச்சா?"

மனுஷனுக்கு அந்த பீரோவுக்குப் பின்னாடியே போயி நின்னுக்கலாம் போல இருந்துச்சு. "மன்னிச்சுக்கடி"ன்னார்.

அவ நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தா.

"டாக்டர், இந்த டப்பாவை இன்னும் ஒரு நாள் மாட்டி விடுவீங்களா? மொட்டை மாடி பாக்கி இருக்கு."