கட்சிமாறிக் கொக்கி

கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் சல்லடை போட்டு அலசினாலும், எங்கள் சங்கிலிச் செம்மலைப் போல ஒரு சந்தேகப்பிராணி அகப்படமாட்டார். பெண்டாட்டியை நம்பினார். பிள்ளைகளை நம்பினார். ஓட்டுக் கேட்டு வந்த அத்தனை பேரையும் நம்பினார். சங்கிலியை மட்டும் நம்பவே மாட்டார்.

கும்பகோணத்துக்கு வெளியே ஒரு மரவாடி. விழுந்த மரங்களை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து, அறுத்து விற்கிற இடம். எந்த மரத்துக்கு எந்தச் சங்கிலி, எந்தக் கொக்கி என்று முடிவு செய்வது அவர் வேலை. அவர் முடிவு செய்கிற வரைக்கும் டிராக்டரில் உட்கார்ந்திருப்பது என் வேலை. டிரைவர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் உட்காரச் சொன்னபோது எழுந்து ஓடியவன், கடைசியில் உட்கார்ந்தே பிழைத்தேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகன்தான் எழுதுகிறான். பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

அது பட்டங்களின் காலம். தெருவுக்கு ஒரு செம்மல், சந்துக்கு ஒரு சிங்கம். மைக்கைத் தொட்டவனுக்கெல்லாம் பட்டம் இருக்க, நம் ஆளுக்கு மட்டும் ஏன் குறை என்று நாங்கள் வைத்ததுதான் ‘சங்கிலிச் செம்மல்’. கேலிக்குத்தான் வைத்தோம். அவர் அதைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு, மறுநாளே நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரோடு இரும்புக் கடைக்குப் போவது பெண் பார்க்கப் போவது மாதிரி. சங்கிலியை உத்தரத்தில் தொங்கவிடச் சொல்வார். ஸ்பேனரால் ஒவ்வொரு கண்ணியாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். ‘ணங்’ என்றால் சரி. ‘ணொக்’ என்றால் உதட்டைப் பிதுக்குவார்.

“இதுக்கு அப்பன் யாரு?” என்று ஒருமுறை கேட்டார். எந்தப் பட்டறையில் அடித்தது என்று அர்த்தம்.

கடைக்காரருக்கு அது விளங்கவில்லை. “சங்கிலிக்கு ஏதுங்க அப்பன்?”

“அப்ப அனாதைச் சங்கிலி. வேணாம்.”

“தேர் இழுக்கிற சங்கிலியவே இந்தப் பார்வை பார்க்க மாட்டாங்கய்யா!”

“தேர் அறுத்துக்கிட்டா சாமி பாத்துக்கும். மரம் அறுத்துக்கிட்டா இவன் தலை போயிடும். என்ன, உள்ள ஒண்ணும் இல்ல, இருந்தாலும் தலைதானே?” என்று என்னைக் காட்டினார். கடைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் வாதாடவில்லை.

கொக்கிகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். ஒன்று வாய் குறுகலானது. ஒரு கண்ணியைக் கவ்வினால் அந்த இடத்தைவிட்டு இம்மியும் நகராது. அது ‘கொள்கைக்குன்று’. இன்னொன்று வாய் அகலமானது. சங்கிலி அதற்குள் வழுக்கி ஓடும். மரத்தைச் சுற்றிப் போட்டு இழுத்தால் சுருக்கு மாதிரி இறுகிக்கொண்டே போகும். அது ‘கட்சிமாறி’. மூன்றாவதற்குக் கூர் மூக்கு. மரத்தில் குத்தி இறங்கிப் பிடிக்கும், காயம் பண்ணாமல் விடாது. அது ‘வக்கீல்’.

இழுக்கும்போது சங்கிலி தெறித்தால் பறந்துவராமல் இருக்க, அதன்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுவார். அதற்குப் பெயர் ‘பொன்னாடை’.

இந்தப் பெயர்கள் எங்கள் மரவாடிக்குள் இருந்தவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒருநாள் ஊருக்குள் போயின.

ஊர் எங்கும் நிலத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில், உச்சவரம்புக்கு மேல் இருந்த மிராசுதார் நிலத்தைச் சர்க்கார் எடுத்து, கூலி வேலை செய்தவர்களுக்குப் பட்டா கொடுத்திருந்தது. அதில் அஞ்சலை என்கிற அம்மாவும் ஒருத்தர். அதுவரை ஊரார் வயலிலேயே நட்டவர், முதல்தடவையாகத் தன் நிலத்தில் நாற்றங்கால் விட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அடித்த காற்றில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் வாய்க்காலுக்குக் குறுக்கே சாய்ந்தது. வந்த தண்ணீர் மரத்தில் முட்டித் திரும்பி, மிராசுதார் வயலுக்கே போய்விட்டது. மரம் மிராசுதாருடையது. விழுந்த வாய்க்கால் சர்க்காருடையது. காய்ந்தது அஞ்சலை நாற்று.

வெட்டிப் போடலாம் என்றால் மிராசுதாரின் காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். “இழுத்துப் போடறதுன்னா போட்டுக்க. மரத்துல ஒரு கீறல் பட்டுது, அத்தனை பேர் மேலயும் கேஸு.”

அஞ்சலை அவரைப் பார்த்தார். “நாத்து செத்தா யாரு மேலங்க கேஸு?”

கடைசியில் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் பஞ்சாயத்துப் பண்ணி, எங்கள் டிராக்டரை வரவழைத்தார். நல்ல மனிதர்தான். ஒரே ஒரு விஷயம், எந்தக் கட்சி ஆளுங்கட்சியோ அதற்கு அவர் செயலாளர். போன தேர்தல் முடிந்த கையோடு வேட்டிக் கரையை மாற்றியிருந்தார். புதுக்கரை இன்னும் சாயம் போகவில்லை.

நாங்கள் போய் இறங்கினோம். கரை முழுக்க ஜனம். செம்மல் யாரையும் பார்க்கவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீறல் படக்கூடாது என்பதால் வக்கீலுக்கு வேலை இல்லை. முடிவு செய்துவிட்டு, உள்ளே இருந்தபடியே என்னைப் பார்த்துக் கத்தினார்:

“டேய்! அந்தக் கட்சிமாறியத் தூக்கிட்டு வாடா!”

கரையில் அத்தனை தலையும் ஒரே திசையில் திரும்பியது.

செயலாளர் முகம் புதுக்கரையை விடச் சிவந்தது. “யாரச் சொல்றான் அவன்?”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அடுத்தது வந்தது. “கொள்கைக்குன்று இங்க ஒதவாதுடா, நின்ன எடத்துலயே நிக்கும்! கட்சிமாறியப் போட்டுக் கழுத்த நல்லா இறுக்கணும்!”

செயலாளரின் ஆள் ஒருவர் என் டிராக்டர் சாவியை உருவிக்கொண்டார்.

“தலைவரே, அது உங்கள இல்லீங்க,” என்றேன். “உங்களுக்கு எங்க மரவாடியில இன்னும் பேரே வைக்கல.” சமாதானம் பேச என்னை அனுப்பினால் இதுதான் நடக்கும்.

“வண்டியக் கட்டுங்கடா! எவன் இழுக்கிறான்னு பாத்துடறேன்,” என்று செயலாளர் திரும்பி நடந்தார். காரியக்காரர் குடைக்குள் சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. கையில் மஞ்சளாகிப் போன நாற்று ஒரு பிடி இருந்தது.

விஷயம் அப்போதுதான் செம்மலுக்கு எட்டியது. சேறும் அவருமாகக் கரையேறி, பெட்டியிலிருந்து கொக்கியை எடுத்துச் செயலாளர் முன்னால் நீட்டினார். “இதாங்க கட்சிமாறி.” அங்கே கிடந்த வாழைமரத்தில் சங்கிலியைச் சுற்றி, கொக்கியை மாட்டி இழுத்துக் காட்டினார். சங்கிலி வழுக்கிக்கொண்டு போய் இறுகியது. “எங்கிட்ட இருக்கறதுலயே தங்கமானது இதாங்க. மத்ததெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கும். இது எறங்குனாத்தான் வேலையே நடக்கும்.”

அவர் முகத்தில் கிண்டல் மருந்துக்கும் இல்லை. அதுதான் செயலாளரை இன்னும் குழப்பியது. இது திட்டா, புகழா?

அஞ்சலை முன்னால் வந்தார். “அண்ணே, அவரு சொல்றதுலயும் என்ன தப்பு? நீங்க மட்டும் பழைய கட்சியிலயே இருந்திருந்தா எங்களுக்கு இந்த டிராக்டர் வந்திருக்குமா?”

யாரோ ‘களுக்’கென்று சிரிக்க, கரை முழுக்கச் சிரிப்பு. செயலாளர் சுற்றிலும் பார்த்தார். ஜனம் சிரிக்கும்போது கூடச் சிரிக்கத் தெரியாதவர் அரசியலில் இருக்க முடியுமா? அவரும் சிரித்தார். சாவி திரும்பி வந்தது.

மரத்துக்கும் கரைக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று வாழைமரங்களைப் பரப்பினோம். கட்சிமாறி மரத்தின் கழுத்தில். நகரவே கூடாத டிராக்டர் பக்கம் கொள்கைக்குன்று. சங்கிலியை நான் வழக்கம்போல உயரத்தில் மாட்டப் போக, செம்மல் என் கையைத் தட்டிவிட்டார். “கீழ மாட்டுடா! மேல மாட்டுனா வண்டி குதிரையாட்டம் நிக்கும். நீ ராஜாவாட்டம் மல்லாக்க விழுவ.”

கீழே மாட்டினேன். அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “பொன்னாடை எங்க? கொண்டாங்க!” என்று குரல் கொடுத்தார்.

செயலாளர் சட்டென்று தலைமுடியைக் கோதி, துண்டைச் சரிசெய்து, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நின்றார். ஈரச் சாக்கு அவரைத் தாண்டிப்போய்ச் சங்கிலிமேல் விழுந்தது.

கிளட்சை மெதுவாக விட்டேன். சங்கிலி விறைத்தது. டயர் கொஞ்சம் அரைத்தது. முன்சக்கரம் தரையை விடுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகு அந்தப் பெரிய மரம், கல்யாணத்துக்கு வரச் சம்மதித்த சித்தப்பா மாதிரி, முனகிக்கொண்டே நகர்ந்தது. வாழைமரங்கள்மேல் வழுக்கிக் கரையேறிப் படுத்தது. காரியக்காரர் குனிந்து குனிந்து தேடினார். கீறல் கிடைக்கவில்லை.

அடைபட்டிருந்த தண்ணீர் கசடோடு புரண்டு கிளம்பியது. அஞ்சலை நாற்றங்காலைப் பார்த்து ஓடினார், பின்னாலேயே ஜனமும் ஓடியது. செம்மல் ஓடவில்லை. கீழே கிடந்த சங்கிலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தண்ணீர் கூடவே கரையில் நடந்தார். தண்ணீர் பள்ளத்தில் தேங்கினால் நின்றார். நிரம்பி நகர்ந்தால் நகர்ந்தார். அப்படியே அதை அஞ்சலை வயல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வந்தார்.

அவர் வருவதற்குள் நான் டிராக்டரை விட்டு இறங்கி, சேற்றில் கிடந்த சங்கிலியை வாய்க்காலில் அலசி, ஒவ்வொரு கண்ணியையும் என் சட்டையால் துடைத்து வைத்திருந்தேன். யாரும் சொல்லாமல் என் ஆயுசில் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.