இடுப்பு சொன்ன சேதி

பார்சலை எடை மேடையில் வைத்த கையோடு குமாஸ்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பேன்ட் மறுபடியும் இறங்கிவிட்டது. பெல்ட் கட்டலாமென்றால், தோல்வார் பட்டாலே அரித்துத் தடித்துப்போகும் உடம்பு அவருக்கு.

“என்ன சார், இளைச்சுட்டீங்க போல?” என்றாள் பக்கத்துக் கவுன்டரில் தபால்தலை விற்பவள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா,” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேன்ட்டை மேலே இழுத்துவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் மனுஷர் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். “கண்டதைக் கண்ட நேரத்துல வாயில போடாதீங்க. டிவியை நிறுத்திட்டு, நல்லா மென்னு, பசிக்கு மட்டும் சாப்பிடுங்க. எடை மிஷின் பக்கமே போகாதீங்க. இடுப்பே சொல்லிடும்.”

இடுப்பு முதல் வாரமே சொல்லிவிட்டது. பேன்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைந்தது.

“லூசா இருக்குங்களா?” என்று மனைவி ஆசையாகக் கேட்டாள்.

“பின்னே? யாருன்னு நினைச்சே!” என்று மார்தட்டிக்கொண்டார்.

அந்தப் பெருமையில் ஆபீஸ் பக்கத்து பேக்கரியில் ஒரே ஒரு கேக். மறுநாள் இரண்டு. நன்றாக மென்றுதான் சாப்பிட்டார், அதில் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வாரம் நான்கு விரல் நுழைந்தது. குமாஸ்தாவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. கேக்காகத் தின்று தீர்க்கிறவன் எங்காவது இளைப்பானா? ஏதோ பெரிய வியாதிதான். தான் போய்விட்டால் அவள் கதி என்ன?

“இப்ப இன்னும் லூசா இருக்குமே?” என்றாள் மனைவி.

அவளிடம் போய் எப்படிச் சொல்வது? “சேச்சே, கச்சிதமா இருக்கு.”

அவள் முகம் வாடிவிட்டது. கணவர் இளைக்கவில்லையே என்ற கவலை அவளுக்கு. பாவம், விவரம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டார்.

உடம்பைத் தேற்றியே தீருவது என்று இறங்கினார். வீட்டில் அவள் அளந்து வைப்பதை மென்றார். வெளியே வந்ததும் ஆறு முட்டை. பதினோரு மணிக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி. மத்தியானம் பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றபடி ஒரு சீப்பு வாழைப்பழம். எடை மேடையில் ஏறிப் பார்க்கலாமென்றால் அந்தச் சனியன் முப்பது கிலோவுக்கு மேல் காட்டாது.

இவ்வளவும் செய்து, மூன்றாவது வாரமான இன்று பேன்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் மாற்று பேன்ட்டைப் பைக்குள் திணித்து, போட்டிருந்ததை ஒரு கையால் பிடித்தபடி தெருமுனைத் தையல்கடைக்குப் போனார்.

“ரெண்டையும் இடுப்புல மூணு இஞ்ச் பிடிச்சுக் குடுங்க. வீட்ல தெரிய வேணாம், தாங்கமாட்டா. நான் இன்னும் எத்தனை நாளைக்கோ...” பையை மேஜைமேல் வைத்தார்.

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சார், ‘இளைச்ச மாதிரி தெரிஞ்சாத்தான் வாயைக் கட்டுவாரு, அவருக்குத் தெரிய வேணாம்’னு உங்க வீட்டம்மா வாரா வாரம் வந்து இடுப்பை ஒவ்வொரு இஞ்சா பிரிச்சு லூசாக்கி வாங்கிட்டுப் போறாங்க, நீங்க என்னடான்னா பிடிக்கச் சொல்றீங்க, முதல்ல ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க!”