பத்து நிமிடம் கழிக்கக் கூடாத கைக்கடிகாரம்

லோத்குண்டா, செகந்திராபாத்
6.6.1987, சனிக்கிழமை, பிற்பகல்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை கிதியோன் அவர்களுக்கு,

மாமனார் ஐசக் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கு நானும் என் தங்கை ஆக்னஸும் தங்கள் மகள் சாராவும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். சுகம் என்றது உடம்பை மட்டும் குறித்து. மஸ்கட்டில் தாங்களும் என் மகள் மெட்டில்டாவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

இன்று சாராவுக்கு மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. நடந்து முடிந்துவிட்டது. குழந்தை படித்ததில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு இடம் கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் அவளல்ல, தங்கள் மாமனார்தான் என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். தேர்வில் இருநூறு கேள்விகள், மூன்று மணி நேரம். வகுத்தால் கேள்விக்கு ஐம்பத்து நான்கு வினாடி. ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவன் என்பதால் இந்த ஐம்பத்து நான்கு எனக்கு நிம்மதி தரவில்லை. எந்த வண்டிக்கும் கடைசி நிலையத்துக்கு முன்னால் கொஞ்சம் நேரத்தை ஒளித்து வைப்போம், வழியில் பிந்தினாலும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதற்காக. அந்த முறைப்படி கடைசியில் சரிபார்க்கப் பத்து நிமிடம், பெயரும் எண்ணும் எழுத ஐந்து நிமிடம், தண்ணீர் குடிக்கவும் கண்ணாடி துடைக்கவும் ஐந்து நிமிடம் என்று ஒதுக்கிவிட்டு, கேள்விக்கு நாற்பத்தெட்டு வினாடி என்று நிர்ணயம் செய்தேன். தாவரவியலும் விலங்கியலும் விரைவு வண்டி, வேதியியல் பாசஞ்சர், இயற்பியல் சரக்கு வண்டி என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு அவள் பழகும்போது நாற்பத்தெட்டு வினாடிக்கு ஒருமுறை பூஜை மணியைப் போல (நம் வீட்டில் ஏது பூஜை மணி, ஐஸ்காரனிடம் வாங்கியது) ஒரு மணி அடித்தேன். அரை மணியில் ஒன்பது கேள்விதான் ஓடியது. "தாத்தா, நக்கோ, வேணாம் தாத்தா! பெல் அடிச்சா தெரிஞ்ச ஆன்சரும் ஓடிப்போகுது" என்று காதைப் பொத்திக்கொண்டாள். ஆக்னஸ் அடுப்படியிலிருந்து, "அண்ணே, பிள்ளை டாக்டருக்குப் படிக்காளா, எஞ்சின் ஓட்டப் போறாளா? அந்த மணியக் கொண்டு போய்க் கெணத்துல போடுதியளா, நான் போடட்டா?" என்றாள். மணியை நிறுத்திவிட்டேன். அட்டவணையை நிறுத்தவில்லை.

இனி குற்றத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாமே பத்து நிமிடம் முன்னால் ஓடும் என்பது தங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, தாமதமாகிவிட்டதென்று தாங்கள் வாசலில் பதறி நின்றது மறந்திருக்காது. ஆலயத்துக்கு முதல் மணிக்கே போய்ச் சேர வேண்டும் என்று 1961இல் நான் செய்த ஏற்பாடு அது. இப்போது ஆக்னஸானாலும் சாராவானாலும் நம் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தவுடன் தானாகப் பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்வார்கள். அதனால் ஆலயத்துக்குத் தாமதமாகத்தான் போகிறோம், அது வேறு விஷயம். என் கைக்கடிகாரத்தைத் தேர்வுக்குக் கட்டிக்கொண்டு போகும்படி சாராவிடம் கொடுத்திருந்தேன். இன்று காலை அதற்குச் சாவி கொடுக்கும்போது ஒரு யோசனை வந்தது. தேர்வு அறையில் அவள் நாற்பது முறையாவது மணி பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் பத்தைக் கழிக்க ஒரு வினாடி. நாற்பது வினாடி, ஏறக்குறைய ஒரு கேள்வி! அந்த ஒரு கேள்வியை ஏன் இழக்க வேண்டும் என்று வானொலிச் செய்தி நேரத்துக்குக் கடிகாரத்தைச் சரியாகத் திருத்தி வைத்தேன். அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆக்னஸ் ஜெபத்துக்குக் கூப்பிட்டாள். ஜெபம் முடிவதற்குள் எதிர்வீட்டு வேணுகோபால் ஸ்கூட்டரின் ஹாரனை அடித்துவிட்டார். நாச்சாரத்தில் வேலை பார்ப்பவர், இவளுக்காக லீவு போட்டவர், அவரைக் காக்க வைப்பதா? சாரா அவர் பின்னால் ஏறித் தேர்வு நடக்கும் போலாரத்துக்குப் போய்விட்டாள். நான் பஸ்ஸில் போனேன். சொல்ல மறந்துவிட்டேன், மாப்பிள்ளை. சுத்தமாக மறந்துவிட்டேன்.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. நானும் வேணுகோபாலும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். மணி என்ன என்று கேட்டேன். பதினொன்றே முக்கால் என்றார். "அப்படியானால் பதினொன்று முப்பத்தைந்து" என்றேன். அவர் சிரித்து, "என் வாட்சுல எதுக்கு சார் கழிக்கிறீங்க? இது உங்க வீட்டு வாட்சு இல்ல, கரெக்ட் டைம்" என்றார். அந்த இடத்தில்தான் காலையில் கடிகாரத்தைத் திருத்தியது எனக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே குழந்தையும் இதைத்தானே செய்துகொண்டிருப்பாள்! சரியான நேரத்தில் பத்தைக் கழித்து, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதென்று அவள் நம்பும்போது கடைசி மணி அடித்துவிடும். பத்து நிமிடம் என்றால் அறுநூறு வினாடி, பன்னிரண்டரைக் கேள்வி. ஒரு கேள்வியைக் காப்பாற்றப் போய்ப் பன்னிரண்டரையைத் தொலைத்தேன்.

ஒரு துண்டுக் காகிதத்தில் "சாரா, கடிகாரம் சரி. 10 கழிக்காதே. 12.50 என்றால் 12.50, 12.55 என்றால் 12.55" என்று எழுதிக்கொண்டு வாசல் காவலாளியிடம் போனேன். எதையும் உதாரணத்தோடு சொல்வது என் வழக்கம். அவன் தமிழ் படிக்கத் தெரியாதவன். எண்களை மட்டும் பார்த்தான். "க்யா சாப், சிட்டீ? இத்தனை வயசுல காப்பி? நக்கோ நக்கோ!" என்று கத்தினான். அங்கே நின்ற மற்ற பெற்றோரெல்லாம் என்னையே பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எழுபது வயதில் விடைத்தாள் கடத்தினேன் என்று எழுதிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "அது மணி சார், மணி" என்றேன். "எவ்வளவு மணி?" என்றார், லஞ்சம் தருகிறேன் என்று நினைத்து. வேணுகோபால் நடுவில் புகுந்து இந்தியில் சமாதானம் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் மேற்பார்வையாளர் அம்மையார் ஒருவர் வெளியே வந்தார். தெலுங்கர், அரைகுறைத் தமிழ் தெரிந்தவர். கைகூப்பி எல்லாவற்றையும் சொன்னேன், 1961இலிருந்து. "தாத்தகாரு, பரிட்சை நடக்குது. பாப்பாகிட்ட பேசக் கூடாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரே, பார்க்கலாம். நீங்க உட்காருங்க, விழுந்துடப் போறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பார்த்தாரா, சொன்னாரா, ஒன்றும் தெரியாது.

ஒரு மணிக்கு சாரா வெளியே வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. "எப்படிம்மா?" என்றதற்கு, "வீட்டுக்குப் போலாம் அங்கிள்" என்று வேணுகோபாலிடம் சொல்லி ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். இப்போது தலைவலி என்று படுத்திருக்கிறாள். கதவருகே நான்கு முறை போனேன். தட்டத் தைரியம் வரவில்லை. ஆக்னஸ், "போய்க் கேட்டாத்தான் என்னண்ணே? அவ என்ன கடிச்சா திங்கப் போறா?" என்கிறாள். கேட்டு, அவள் 'ஆமாம்' என்றுவிட்டால்?

ஆகையால் தங்களிடம் இரண்டு விண்ணப்பம். குழந்தையைக் கடிந்து ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். மெட்டில்டாவிடம் தக்க சமயம் பார்த்து, சாப்பிட்ட பிறகு, மெதுவாகச் சொல்லவும். அடுத்த வருஷம் மறுபடி எழுதுவதானால், அவள் வேறு யார் வீட்டிலாவது தங்கிப் படிப்பது நல்லது என்று எனக்கே தோன்றுகிறது.

கர்த்தர் தங்கள் இருவரையும் கண்மணி போல் காப்பாராக. ஆக்னஸ் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். சாராவின் அன்பை நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

தங்கள் மன்னிப்பைக் கோரும்
மாமனார்,
ஐசக்

பின்குறிப்பு: மாலை மணி ஆறு. ஏரோகிராமை ஒட்டப் போகும்போது சாரா எழுந்து வந்து, டீ கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்தது வேறு. காலையில் புறப்படும் முன் என் கடிகாரத்தை அவளும் வானொலியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒன்றாயிருக்கவே, தாத்தா சாவி கொடுக்க மறந்ததால் பத்து நிமிடம் பிந்திவிட்டது, சொன்னால் வருத்தப்படுவார் என்று, சத்தம் போடாமல் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டாள்! ஆக அவள் கழித்தது சரி. நான் சொல்லி அனுப்பியதுதான் தவறு. அந்த அம்மையார் நல்லவர். உள்ளே போய், "யாரும்மா சாரா? உங்க தாத்தா வாட்சுல கழிக்க வேணாமாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்ல, அறையே சிரித்ததாம். கடுகடுத்த முகம் அதற்குத்தான். தான் தள்ளிய பிறகு நான் மறுபடி திருத்தியிருப்பேன் என்று நினைத்து, குழந்தை என் வார்த்தையை நம்பி, இருந்த நேரத்தில் பத்து நிமிடம் குறைந்துவிட்டதென்று பறந்து பறந்து எழுதிப் பென்சிலைக் கீழே வைத்திருக்கிறாள். மணி அடிக்கவில்லை. பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டியிருந்ததால் விடைத்தாளைப் பார்த்திருக்கிறாள். பென்சிலால் நிரப்ப வேண்டிய விடை வட்டங்களில் கடைசிக் கேள்விக்குரியது காலியாக இருந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், நூற்று அறுபத்தொன்றாம் கேள்வியைக் கடினம் என்று தாண்டியவள், அதற்குரிய வட்டத்தைத் தாண்ட மறந்திருக்கிறாள். அதற்குப் பிறகு முப்பத்தொன்பது விடைகளும் ஒரு வரிசை மேலே! அத்தனையையும் ரப்பரால் அழித்து, திரும்ப நிரப்பி முடித்தபோது மணி அடித்ததாம். அழிப்பதற்கு என் அட்டவணையில் நான் ஒரு வினாடிகூட ஒதுக்கவில்லை.

எனவே மேலே எழுதியதைப் படிக்காததாகக் கொள்ளவும். மெட்டில்டாவுக்கு இதை மட்டும் படித்துக் காட்டவும்.

இன்னும் ஒன்று, இது தங்களுக்கு மட்டும். "கடைசியில சரிபார்க்கப் பத்து நிமிஷம் வேணும்னுதானே அப்படிச் சொல்லி அனுப்பினீங்க? க்யா பிளானிங் தாத்தா!" என்று அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். நாளை ஆலயத்தில் திருவிருந்து. இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு நான் அப்பமும் திராட்சரசமும் எடுக்கலாமா என்று தங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய நினைத்தேன். ஆனால் இக்கடிதம் தங்கள் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். ஆகையால் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.